ஜக்பூபின் மேல் விழுந்த பழி



சூஃபி தரீக்காக்களை, அதாவது ஆன்மிக நெறிக் குழுக்களைப் பற்றிக் காலனிய அதிகாரிகளும் பயணிகளும் எழுதிக் குவித்தவற்றில் சிறிய நூல் ஒன்றை மட்டும் இன்று எடுத்துக்கொள்கிறேன். 1884இல் பாரிசில் வெளிவந்தது. வட ஆப்பிரிக்காவின் ஸனூஸிய்யா தரீக்காவைப் பற்றியது. எழுதியவர் பிரெஞ்சுப் பயணி ஆன்ரி துவேரியே.

துவேரியே சஹாராவை அறியாதவர் அல்லர். இளம் வயதிலேயே துவாரெக் மக்களோடு பழகி, 1864இல் அவர்களை உயர்த்தி எழுதியவர். 1881இல் சஹாரா வழியாக ரயில் பாதை போட இடம் பார்க்கப் போன பிரெஞ்சுக் கர்னல் ஃபிளாட்டர்ஸின் குழுவை, அகாகர் பகுதித் துவாரெக்குகள் வெட்டிச் சாய்த்தார்கள். தங்கள் மண்ணில் அந்நியர் வழி வகுப்பதை அவர்கள் விரும்பவில்லை. காரணம் அவ்வளவு வெளிப்படை. மூன்றாண்டு கழித்து வந்த துவேரியேயின் நூலிலோ, குற்றத்தின் கயிறு ஸனூஸிகள் கையில் இருந்தது. சஹாராவில் ஐரோப்பியருக்கு நேர்ந்த கேடுகளுக்குப் பின்னால் ஸனூஸிகளின் தலைமையிடமான ஜக்பூபில் உட்கார்ந்திருக்கும் ஒரு ஷைகு இருப்பதாக அது சொன்னது. தான் நேசித்த மக்களைக் காப்பாற்ற அவர் வேறொருவரைப் பலி கொடுத்தார் என்றே நான் படிக்கிறேன்.

தரீக்காக்களைப் பற்றிய பிரெஞ்சு அதிகாரிகளின் அச்சத்துக்கு அடிப்படையே இல்லை என்று சொல்லமாட்டேன். 1871இல் அல்ஜீரியாவில் ரஹ்மானிய்யா தரீக்காவின் ஷைகு அல்-ஹத்தாத் பிரெஞ்சு ஆட்சியை எதிர்த்து ஜிஹாத் அறிவித்தபோது கபீலியாப் பகுதி முழுவதும் எழுந்தது. அந்த நினைவு ஆறாத அதிகாரிகளுக்கு தஸ்பீஹ் மாலையின் ஒவ்வொரு மணியும் தோட்டாவாகத் தெரிந்தது. அவர்களில் லூயி ரின் 1884இலும், தெப்போனும் கொப்பொலானியும் 1897இலும் தரீக்காக்களை வகைப்படுத்தித் தடித்த நூல்கள் போட்டார்கள்.

உண்மையில், அக்காலத்து ஸனூஸி ஸாவியா, அதாவது தரீக்காவின் மடம் ஒன்றுக்குள் போனால் பள்ளிவாசல், குர்ஆன் ஓதும் பிள்ளைகள், பயணிகளுக்கான அறை, தானியக் கிடங்கு, கிணறு, பேரீச்சந்தோப்பு. கோத்திரச் சண்டைகளுக்குத் தீர்ப்புச் சொல்வது ஷைகின் அன்றாட வேலையாக இருந்தது. பெங்காசியிலிருந்து குஃப்ரா வழியே, இன்றைய சாட் நாட்டிலுள்ள வதாய் போகும் வணிகப் பாதை ஸனூஸிகளின் காவலில் செழித்தது. அதே பாதையில் அடிமைகளும் ஓட்டிச் செல்லப்பட்டார்கள். அதை மறைத்து இவர்களைப் புகழ எனக்கு மனமில்லை. ஆனால் உலகச் சதி? 1883இல் சூடானில் தன்னை மஹ்தி என அறிவித்துக் கிளர்ந்தவர் தன் கலீபாக்களில் ஒருவராகச் சேர அழைத்தபோது, ஸனூஸித் தலைவர் முஹம்மது அல்-மஹ்தி மறுத்துவிட்டார். துவேரியேயின் நூல் அதற்கு அடுத்த ஆண்டு வந்தது.

நூல் நூலோடு நிற்கவில்லை. 1902 ஜனவரியில் பிரெஞ்சுப் படை இன்றைய சாட் நாட்டின் கானெம் பகுதியிலுள்ள ஸனூஸிகளின் பீர் அலாலி ஸாவியாவைக் கைப்பற்றியது. அதற்குமுன் பிரான்சை எதிர்த்துப் படையெடுக்காத ஸனூஸிகள் அதன்பின் ஆயுதத்தோடு நின்றார்கள். ஸனூஸிச் சதி என்ற இந்தக் கட்டுக்கதை உருவான வழியை வரலாற்றாசிரியர் ழான்-லூயி த்ரியோ 1995இல் விரிவாக எழுதினார்.

மாணவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1949இல் பிரிட்டிஷ் மானிடவியலாளர் எவன்ஸ்-பிரிட்சர்ட் ஸனூஸிகளைப் பற்றிப் பரிவோடு எழுதினார். அது அருமையான நூல். ஆனால் அவர் கிழக்கு லிபியாவின் ஸைரனைக்காவில் பிரிட்டிஷ் ராணுவ நிர்வாகத்தில் அதிகாரியாக இருந்தவர். இத்தாலியை எதிர்த்த ஸனூஸித் தலைவர் இத்ரீஸ், அப்போது பிரிட்டனின் நண்பர். 1951இல் லிபியாவின் மன்னரானார். துவேரியேயிடம் கேட்ட கேள்விகளை எவன்ஸ்-பிரிட்சர்டிடமும் கேளுங்கள்.