ஊராட்சியும் இளைஞரும்

வீட்டு வாசலில் வாய்க்கால் அடைத்துக்கொண்டால் எவரும் சபையைக் குறை கூறுவர். அவ்வட்டாரத்தின் உறுப்பினர் யாரென வினவினால் விடை கூறுவோர் சிலரே. கடல்நீரேரியின் ஓரத்தில், முன்னாளிற் பூநகரிக்குத் தோணி சென்ற துறையாக விளங்கிய கொழும்புத்துறை, யாழ்ப்பாண மாநகர சபையின் எல்லைக்குள் அமைந்தது. அங்கு வாழும் இளைஞருக்கு ஆட்சி என்பது முதன்முதலில் எதிர்ப்படுவது நாடாளுமன்றத்தில் அன்று. தெருவிளக்கிலும் மதகிலும் குப்பை வண்டியிலுமேயாம்.

இளைஞர் பொதுவாழ்வில் ஈடுபடுதல் யாழ்ப்பாணத்துக்குப் புதியதன்று. 1924 இல் தோன்றிய மாணவர் காங்கிரஸ் பின்னர் வாலிபர் காங்கிரஸ் எனப் பெயர் பெற்றது. ஹன்டி பேரின்பநாயகம் முதலிய ஆசிரியர்கள் அதற்கு வழிகாட்டினர். 1927 இல் காந்தியடிகள் யாழ்ப்பாணத்துக்கு வந்தது அவர்களது அழைப்பின் பேரிலாகும். 1931 இல், டொனமூர் அரசியல் திட்டம் முழுமையான சுயராச்சியத்தைத் தரவில்லை என்று கூறி, அரசாங்க சபைத் தேர்தலைப் பகிஷ்கரிக்குமாறு அவர்கள் வேண்டினர். யாழ்ப்பாணக் குடாநாட்டின் நான்கு ஆசனங்களும் வெறுமையாயின. 1934 வரை நிரப்பப்படவில்லை. கொள்கை உயர்ந்ததே. எனினும் வெறும் ஆசனம் எவருக்காகவும் பேசுவதில்லை.

அக்காலத்திலேயே வேறொரு வழியும் திறந்தது. 1933 இல் க. மு. செல்லப்பா என்பார் தம் இல்லத்தில் இலவச நூல்நிலையம் ஒன்றைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு அது வாடகை அறைக்கு மாறிற்று; பின்னர் உள்ளூராட்சிச் சபையின் பொறுப்பில் வந்தது. 1959 இல் திறக்கப்பெற்ற யாழ்ப்பாணப் பொது நூலகக் கட்டடம் அச்சிறு முயற்சியின் வளர்ச்சியேயாகும். 1981 இல் எரியுண்ட அந்நூலகம் மீண்டும் எழுந்து நிற்கிறது.

பெற்றோர் அஞ்சுவதற்குக் காரணம் இல்லாமலில்லை. 1983 இன் பின்னர் மாநகர சபைக்கு அடுத்த தேர்தல் 1998 இலேதான் நடைபெற்றது. பதினைந்து ஆண்டுகளில் ஒரு தலைமுறையே வாக்குச்சீட்டைக் காணாது வளர்ந்தது. அவ்வாண்டிலேயே முதல்வர் சரோஜினி யோகேஸ்வரனும், அவருக்குப் பின் பதவியேற்ற பொன். சிவபாலனும் கொல்லப்பட்டனர். "அரசியல் நமக்கு வேண்டாம்" என்று ஒரு தாய் மகனைத் தடுத்தால் அவளைப் பழிப்பது எங்ஙனம்? ஆயினும், நல்லோர் யாவரும் விலகி நின்றால் சபை யார் கையிற் சேரும் என்பதையும் எண்ணுதல் வேண்டும்.

சட்டம் இன்று கதவைத் திறந்துள்ளது. வாக்களிக்கும் வயது 1959 இல் 21 இலிருந்து 18 ஆகக் குறைக்கப்பட்டது. 1990 இல் உள்ளூராட்சி வேட்பாளருள் 40 வீதத்தினர் இளைஞராதல் வேண்டும் என விதிக்கப்பட்டது. 2025 மே 6 ஆம் நாள் நடைபெற்ற தேர்தலில் அவ்வீதம் 25 ஆக இருந்தது. எனினும், பட்டியலை நிரப்புதற்கென்று இறுதி வேளையிற் சேர்க்கப்பட்ட ஒருவர், வரவு செலவுத் திட்டத்தை வாசிக்க அறியாதவராயின், பிறர் கை உயர்த்தும்போது தாமும் உயர்த்துவார், அவ்வளவே.

அப்பயிற்சிக்கு ஏற்ற இடம் ஊர்தோறும் உள்ள சனசமூக நிலையமாகும். பத்திரிகை வாசிக்கும் மேசை, விளையாட்டு மைதானம், பாலர் பாடசாலை ஆகியவற்றோடு அங்கே நிருவாக சபையும் உண்டு. செயலாளர் பதவியையோ பொருளாளர் பதவியையோ இருபது வயதினர் ஒருவரிடம், ஆணாயினும் பெண்ணாயினும், துணிந்து ஒப்படைத்தல் வேண்டும். கூட்டக் குறிப்பு எழுதுதல், கணக்குக் காட்டுதல், தீர்மானத்தை முன்மொழிதல், மாற்றுக் கருத்தைப் பொறுமையோடு கேட்டல் ஆகியன அங்கே கைவரும். மழைக்கு முன்னர் அடைபட்ட வாய்க்கால்களைக் குறித்து, படம் வரைந்து, ஒப்பமிட்டுச் சபைக்கு அனுப்பி, விடை வரும்வரை தொடர்ந்து கேட்பாராயின், அதுவே குடியியற் பாடத்தின் செய்முறையாகும்.

மூத்தோர் செய்ய வேண்டியது ஒன்றே. இளைஞரைப் பந்தல் போடவும் கதிரை அடுக்கவும் மாத்திரம் அழையாது, முடிவெடுக்கும் மேசையிலும் இடம் கொடுத்தல் வேண்டும். அவர்கள் தவறு செய்தல் கூடும், திருத்திக்கொள்ளுதலும் கூடும். வாய்க்காலைச் சீர்செய்யக் கற்றவரே நாளை நகரைச் சீர்செய்வர்.