துருவை எடுத்தால் மட்டும் போதுமா?



எம். புதுப்பட்டிப் பக்கம் காலையில் சாலையோரம் நின்றால், பட்டாசு ஆலைகளுக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் வேன்களைப் பார்க்கலாம். பல பழைய வண்டிகள். நம் பங்கு வேனும் அப்படித்தான். மறைக்கல்விக்குப் பிள்ளைகளையும், மருத்துவமனைக்கு நோயாளிகளையும் ஏற்றிப்போகும் வண்டி. சென்ற ஆண்டு திருவிழாவுக்கு முன் அதன் கதவடியில் பெயிண்ட் கொப்புளம் போட்டிருந்தது. செலவுக்கு அஞ்சி, "மேலே பட்டி வைத்துப் பெயிண்ட் அடித்துவிடுங்கள்" என்று சொன்னோம். திருவிழாவன்று வண்டி புதிதுபோல் நின்றது. ஐப்பசி மழை முடிந்ததும் அதே இடம் வீங்கி வெடித்தது. டிங்கர் வந்து பட்டியைத் தட்டி எடுத்தார். உள்ளே விரல் நுழையும் ஓட்டை. பிள்ளைகள் கால் வைக்கும் தரைத் தகடும் அரித்துப்போயிருந்தது. "தப்பு பட்டியில இல்ல சாமி, துருவை உள்ள வச்சு மூடினதுல இருக்கு" என்றார். நாம் தலைகுனிந்தோம்.

இரும்பு துருவாகும்போது அதன் பருமன் பெருகுகிறது. அதனால்தான் மேலிருக்கும் பெயிண்டைத் தூக்கிவிடுகிறது. துரு ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு அடியிலுள்ள இரும்பையும் தின்கிறது. உப்பு சேர்ந்தால் இன்னும் வேகம். 1914-இல் திறக்கப்பட்ட பாம்பன் ரயில் பாலம், அத்தனை பராமரிப்புக்குப் பிறகும் கடற்காற்றின் அரிப்பால் தளர்ந்து, 2022 டிசம்பரில் ரயில் போக்குவரத்து நிறுத்தப்பட்டதை அறிவோம்.

இம்முறை வேலை முறையாக நடந்தது. பட்டியையும் பெயிண்டையும் நல்ல தகடு தெரியும்வரை எடுத்தார். கம்பி பிரஷ்ஷாலும் உப்புத்தாளாலும் தேய்த்தார். குழிகளில் ஒளிந்திருந்த துருவுக்குப் பாஸ்பாரிக் அமிலம் கலந்த மருந்தைத் தடவினார். அரித்த தகட்டை வெட்டிப் புதுத்தகடு வைத்துப் பற்றவைத்தார். பட்டாசோ மருந்தோ ஏற்றிய வண்டியானால், இண்டு இடுக்கில் சிறு தூளும் இல்லை என்று உறுதிசெய்யாமல் கிரைண்டரையும் வெல்டிங்கையும் அருகில் கொண்டுபோகவே கூடாது. நம் ஊரில் ஒரு பொறிக்கு விலை உயிர்.

எல்லாம் முடிந்ததும் தகடு வெள்ளிபோல மின்னியது. "பெயிண்டை நாளைக்கு அடிக்கலாமே" என்றோம். அவர் மறுத்தார். "வெறும் தகட்டை ராத்திரி விடக்கூடாது சாமி. பனி பட்டா விடியறதுக்குள்ள செம்பட்டை கட்டிரும். கைவேர்வை பட்டாலே போதும்" என்றார். தின்னரால் துடைத்து, அன்று மாலைக்குள் பிரைமர் அடித்துவிட்டார். கதவடியில் அடைந்திருந்த தண்ணீர்த் துளைகளையும் திறந்துவிட்டார்.

அப்போது மத்தேயு நற்செய்தி 12-ஆம் அதிகாரம் நினைவுக்கு வந்தது. தீய ஆவி விட்டுப்போன வீடு சுத்தமாய் இருக்கிறது, ஆனால் காலியாய் இருக்கிறது. போன ஆவி தன்னைவிடப் பொல்லாத ஏழு பேரைக் கூட்டிக்கொண்டு திரும்புகிறது. அந்த மனிதனின் நிலை முன்னையதைவிடக் கேடாகிறது என்கிறார் ஆண்டவர்.

அன்புக்குரியவர்களே, தவக்காலத்தில் நம்மில் பலர் ஒப்புரவு அருள்சாதனத்திற்கு வருகிறோம். பட்டி வைத்து மூடாமல் உள்ளதை உள்ளபடி சொன்னால், ஆண்டவர் துருவை மிச்சமின்றி நீக்குகிறார். அரித்துப்போன இடத்துக்குப் புதுத்தகடு வேண்டும். சக்கேயு ஏமாற்றியதை நான்கு மடங்காகத் திருப்பித் தந்தது அதுதான். ஆனால் அன்று மாலை என்ன செய்கிறோம்? குடியை விட்ட ஒரு சகோதரர் வெள்ளிக்கிழமை கண்ணீரோடு மன்னிப்புப் பெறுகிறார். சனிக்கிழமை கூலி கைக்கு வருகிறது, வழியில் பழைய கூட்டாளிகள் நிற்கிறார்கள். அவர் அந்நேரம் வெறும் தகடு. "இவன் எத்தனை நாளைக்கோ" என்று நாம் சொல்லும் ஏளனப் பேச்சும் அவர்மேல் விழும் பனித்துளிதான்.

எனவே அவரைத் தனியே விடாதிருப்போம். சனிக்கிழமை மாலை ஒருவர் அவரோடு சேர்ந்து வீடுவரை நடக்கட்டும். வீட்டில் செபமாலை சொல்லப்படட்டும். ஞாயிறு திருப்பலியில் நம் பக்கத்தில் அவருக்கு இடமிருக்கட்டும். திருமுழுக்கில் நம்மேல் பூசப்பட்ட திருத்தைலம் நம்மை ஒருவருக்கொருவர் காவலாக்கியிருக்கிறது.

ஆண்டவரே, நீர் தூய்மையாக்கியதை வெறுமையாய் விடாமல் உம் ஆவியால் நிரப்பியருளும். ஆமென்.