மலைநாட்டில் ஓர் இல்லக் கலைஞர்

ஒரு வீட்டை வீதியில் நின்று பார்ப்பவர் அதன் கூரையையும் சுவரையும் காண்கிறார். அதனுள் வாழ்பவரோ வெளிச்சம் எப்பக்கத்திலிருந்து வருகிறது, காற்று எவ்வழியே போகிறது, பாயை எங்கே விரிப்பது, விருந்தினரை எங்கே இருத்துவது என்பவற்றையே நாள்தோறும் காண்கிறார். ஆகவே வீட்டின் உட்புறத்தை ஒழுங்கு செய்வது வெறும் அலங்கார வேலையன்று. அது மனிதருடைய வாழ்வை ஒழுங்கு செய்யும் வேலையாகும். இக்கலையை நமது மலைநாட்டில் வளர்த்தவர்களுள் கண்டியிற் பிறந்த மினெட் டி சில்வா என்னும் அம்மையார் முதலிடம் பெறத் தக்கவர். அவர் அவ்விடத்தை அடைந்த வழி நேர்வழியன்று. மலைப்பாதையைப் போலப் பலமுறை வளைந்து சென்ற வழி.

அவ்வழியை அறிவதற்கு முன்னர், அக்கால மலைநாட்டு வீடுகளை ஒருமுறை எண்ணிப் பார்த்தல் நலம். ஜேம்ஸ் டெய்லர் 1867 ஆம் ஆண்டில் லூல்கந்துரையிலே தேயிலையைப் பயிரிட்ட பின்னர், காடுகள் தோட்டங்களாயின. 1884 இல் புகைவண்டி ஹற்றனை எட்டியது. நுவரெலியாவிலும் டிக்கோயாவிலும் மஸ்கெலியாவிலும் துரைமார் தமது தாய்நாட்டு வீடுகளையே நினைந்து பங்களாக்களை அமைத்தனர். கணப்படுப்பு, பளபளக்கும் மரத்தரை, சுவரில் மான்தலை, வாசலில் ரோசாப் பாத்தி ஆகியவை அவ்வில்லங்களின் அடையாளங்கள்.

அப்பங்களாவின் கீழே, சரிவில், லயங்கள் நின்றன. பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவான ஒரு காம்பராவில் ஒரு குடும்பம். அதன் முன்னே ஓர் இஸ்தோப்பு. உறக்கம், சமையல், பிள்ளைப்பேறு, நோய், மரணம் யாவும் அவ்வளவிற்குள் அடங்கின. அவ்வறையின் அளவைத் தீர்மானித்தவர் அதில் வாழ்வோரிடம் ஒரு சொல்லேனும் கேட்டதில்லை. எனினும் அங்கு வாழ்ந்த பெண்கள் சாணமிட்டு மெழுகிய தரையிலும், சுவரில் மாட்டிய சாமி படத்திலும், துலக்கி அடுக்கிய பித்தளைச் செம்புகளிலும் தமது உள்ளத்தின் அழகைக் காட்டவே செய்தனர்.

மூன்றாவதாக, கண்டி நாட்டின் பழைய இல்லங்கள் இருந்தன. நடுவே முற்றம், சுற்றிலும் திண்ணை, செதுக்கிய மரத்தூண்கள் என்பன அவற்றின் அமைப்பு. தும்பறைப் பள்ளத்தாக்கில் 'ஹண' என்னும் நாரினால் பாய் நெய்வோர் இருந்தனர்; மாத்தளைப் பகுதியில் அரக்கை விரல் நகத்தால் இழுத்துக் கோலமிடுவோர் இருந்தனர். இக்கைவினைகள் ஆதரவற்று மெலிந்துவந்த காலத்தில், மண்ணியல் ஆய்வாளராக இலங்கையில் பணிபுரிந்த ஆனந்த குமாரசுவாமி அவர்கள் ஊரூராகச் சென்று அவற்றை ஆராய்ந்து, 1908 இல் பெருநூலாக வெளியிட்டார். கல்லை ஆராய வந்தவர் கலையை ஆராய்பவரானார். வளைந்த வழியில் சென்று தமக்குரிய தொழிலைக் கண்டோர் நம் நாட்டில் ஒருவரல்லர் என்பதற்கு அவரும் சான்றாவார்.

மினெட் டி சில்வா 1918 ஆம் ஆண்டில் கண்டியிற் பிறந்தார். தந்தையார் ஜோர்ஜ் ஈ. டி சில்வா, புகழ்பெற்ற வழக்கறிஞர்; பின்னாளில் அமைச்சராகவும் விளங்கியவர். தாயார் அக்னஸ் நெல், பெண்களுக்கு வாக்குரிமை வேண்டி உழைத்தவர். கண்டிக் கைவினைகளிற் பற்றுடையவர். தந்தை பௌத்த சிங்களவர். தாய் கிறித்தவப் பறங்கியர். இருவேறு மரபுகள் ஒரே கூரையின் கீழ் இணங்கி வாழ்வதை அவர் பிள்ளைப் பருவத்திலேயே கண்டார்.

கட்டடக் கலை பயில வேண்டும் என்று அவர் விரும்பினார். அந்நாளில் இலங்கையில் அதற்கொரு பள்ளி இல்லை. பெண்ணொருத்திக்கு அத்தொழில் எதற்கு என்ற கேள்வியோ தாராளமாக இருந்தது. அவர் பம்பாய்க்குச் சென்றார், ஒரு கட்டடக் கலை நிலையத்திலே தொழில் பழகினார், ஜே. ஜே. கலைப் பள்ளியிற் சேர்ந்தார். 1942 ஆம் ஆண்டில் காந்தியடிகள் சிறைப்பட்ட வேளையில், அவரது விடுதலையைக் கோரிய ஊர்வலத்திற் கலந்துகொண்டமைக்காகப் பள்ளி அவரை நீக்கியது. மன்னிப்புக் கேட்டு எழுதித் தந்திருந்தால் படிப்புத் தொடர்ந்திருக்கும். அவர் எழுதித் தரவில்லை.

பள்ளி மூடிய கதவை வேறொருவர் திறந்தார். இட்லரின் ஜெர்மனியிலிருந்து வெளியேறி மைசூர் அரசின் தலைமைக் கட்டடக் கலைஞராக இருந்த ஓட்டோ கோனிக்ஸ்பர்கர் அவரைத் தம்மிடம் பணிக்கமர்த்தினார். ஜம்ஷெட்பூர் நகரத் திட்ட வேலையில் அவர் பங்குகொண்டார். உலகப் போர் முடிந்ததும் இலண்டன் சென்று கட்டடக் கலைச் சங்கத்தின் பள்ளியிற் பயின்றார். 1947 இல் பிரிட்ஜ்வாட்டரில் நடைபெற்ற நவீனக் கட்டடக் கலைஞரின் சர்வதேச மாநாட்டிற் கலந்துகொண்டார். பிரெஞ்சு நாட்டின் பெருங்கலைஞர் லெ கோர்பூசியேயின் நட்பும் அவருக்குக் கிட்டியது. 1948 இல் பிரித்தானிய அரச கட்டடக் கலைஞர் நிறுவனத்தின் உறுப்புரிமை பெற்ற முதலாவது ஆசியப் பெண்மணி என்னும் சிறப்பும் அவருக்கு வாய்த்தது.

இலண்டனிலோ பாரிசிலோ தங்கியிருந்தால் அவருக்கு வாழ்வு எளிதாக அமைந்திருக்கக்கூடும். ஆயினும் நாடு சுதந்திரமடைந்துவிட்டது. தந்தையார் வீடு திரும்புமாறு வற்புறுத்தினார். 1949 இல் கண்டிக்கு மீண்ட அவர், பெற்றோர் இல்லத்திலேயே தம் தொழிலைத் தொடங்கினார். குடும்ப நண்பர்களான கருணாரத்ன தம்பதியர் செங்குத்தான ஒரு மலைச்சரிவில் வீடு கட்டித் தருமாறு கேட்டனர். இதுவே அவரது முதற் பணி.

சரிவை வெட்டிச் சமனாக்காமல், சரிவோடு இயைந்து பல மட்டங்களில் அவ்வீட்டை அவர் அமைத்தார். கொங்கிறீற்றும் கண்ணாடிக் கட்டிகளும் புதியன. முற்றமும் திண்ணையும் பழையன. இரண்டையும் ஒருங்கே வைத்தார். அவரது தனித்திறமை வீட்டின் உள்ளேதான் விளங்கிற்று. தும்பறைப் பாயைத் தரையிலிருந்து எடுத்துக் கதவுகளின் பலகைகளுக்கிடையே பதித்தார். ஈட்டிக் காம்புக்கும் கொடிக் கம்புக்கும் உரியதாயிருந்த அரக்கு வேலையைப் படிக்கட்டின் கைப்பிடி வரிசைக்குக் கொணர்ந்தார். சுட்ட மண் ஓடுகளில் நடன உருவங்களைப் பதிப்பித்தார். கண்டி ஓவியர் ஜோர்ஜ் கீற் சுவரோவியம் தீட்டினார். 1951 இல் வீடு நிறைவெய்தியது.

இதில் அடங்கிய நுட்பத்தை நேயர்கள் கவனித்தல் வேண்டும். கைவினைப் பொருளை வாங்கி வந்து அலமாரியில் வைத்தால் அது காட்சிப் பொருள். கைவினைஞனுக்கு ஒருநாட் கூலி. அதையே கதவாகவும் படியாகவும் சுவராகவும் ஆக்கினால், வீடு கட்டும்போதெல்லாம் அவனுக்கு வேலையுண்டு. அழியும் தொழிலை இரக்கத்தினால் காப்பாற்ற இயலாது, அதற்குப் புதிய பயனைத் தந்தே காப்பாற்ற இயலும் என்பதை அவர் செயலிற் காட்டினார். இம்முறைக்கு வெப்ப மண்டலத்தின் நவீனப் பிரதேசக் கட்டடக் கலை என்று அவர் பெயரிட்டார்.

1958 இல் கண்டியை அடுத்த வத்தப்புளுவையில் அரசாங்க ஊழியர்களுக்காக ஏறத்தாழ 250 வீடுகள் கொண்ட திட்டமொன்றை அவர் வகுத்தார். பேனாவை எடுத்து வரையுமுன் அவர் செய்த காரியம் ஒன்றுண்டு. அங்கு குடியேற இருந்தவர்களுக்கு வினாத்தாள் அனுப்பினார். உங்கள் குடும்பம் எத்தகையது, எவ்வாறு வாழ்கிறீர்கள், எவை தேவை என்று கேட்டறிந்தார். பின்னரே வீட்டு மாதிரிகள் உருவாயின. வெவ்வேறு இனத்தவரும் மதத்தவரும் அவ்வீடுகளில் அயலவராயினர்.

பிற்காலம் அவருக்கு இலகுவாக இருக்கவில்லை. தாயாரின் மறைவும் நோயும் தொழிலைத் தளர்த்தின. நாட்டை நீங்கிப் பயணஞ் செய்தார். 1970களின் பிற்பகுதியில் ஹொங்கொங் பல்கலைக் கழகத்திற் கற்பித்தார். மீண்டும் கண்டிக்கு வந்து, 1980களில் ஏரிக்கரையை அண்டிய கலை நிலையத்தை அமைத்தார். இதற்கிடையில், வழக்கறிஞர் தொழிலை விட்டு 1957 இல், தமது 38 ஆம் வயதில், கட்டடக் கலைஞராகத் தகுதிபெற்ற ஜெப்ரி பாவா உலகப்புகழ் அடைந்தார். மஸ்கெலியாவுக்கு அப்பாலுள்ள அப்கொட்டில் ஸ்ட்ராத்ஸ்பே தோட்டத்திற்கு அவர் வரைந்த பங்களா ஒன்றும் உண்டு. மினெட் அம்மையார் முன்னரே வெட்டிய பாதையை நாடு நெடுங்காலம் நினைவுகூரவில்லை. இலங்கைக் கட்டடக் கலைஞர் நிறுவனத்தின் தங்கப் பதக்கம் 1996 இலேயே அவரை வந்தடைந்தது. இரண்டாண்டுகளின் பின்னர், 1998 நவம்பரில், அவர் கண்டியிற் காலமானார்.

அவர் கட்டிய வீடுகள் சில. அவர் கேட்ட கேள்வி பெரிது. 'நீங்கள் எவ்வாறு வாழ விரும்புகிறீர்கள்?' என்பதே அக்கேள்வி. கண்டியில் எழுத்தர்களிடமும் உத்தியோகத்தர்களிடமும் அது கேட்கப்பட்டது. சில மைல் தொலைவிலிருந்த லயங்களில் வாழ்ந்தோரிடம் அக்காலத்தில் எவரும் அதனைக் கேட்கவில்லை. 1948 ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரைக் குடியுரிமையும் அற்றவராக்கியிருந்தது. இன்று சில தோட்டங்களில் தனி வீடுகள் எழுகின்றன. இன்னும் பல குடும்பங்கள் லயங்களிலேயே இருக்கின்றன. புதிய வீட்டுக்குத் திட்டம் வரைபவர், அடுப்பு எங்கே இருக்க வேண்டும், சாமி மாடம் எப்பக்கம் அமைய வேண்டும், மழைக்காலத்தில் ஈரக் கம்பளியை எங்கே உலர்த்துவது, பிள்ளை எவ்விடத்தில் அமர்ந்து படிப்பது என்று கொழுந்து பறிக்கும் ஒரு தாயிடம் முதலிற் கேட்பாராயின், மினெட் டி சில்வா வளைந்து வளைந்து நடந்த அவ்வழி அந்த இல்லத்தின் வாசலையும் வந்தடையும்.