வழக்கு யாருடையது?



யாழ்ப்பாணத்து இந்த உடுவிலிலே புருசனிடம் அடிவாங்கிய ஒரு பெண் பொலிசுக்குப் போய் முறைப்பாடு கொடுத்தால், அன்று பின்னேரமே முற்றத்தில் ஆட்கள் கூடிவிடுகிறார்கள். பெரியப்பா வருவார், மாமியார் வருவார், சில நேரம் விதானையாரும் வருவார். "பிள்ளை, உன்ரை கேஸ்தானே, வாபஸ் வாங்கு. பிள்ளையளின்ரை முகத்தைப் பார்." எல்லார் வாயிலும் இந்தப் பேச்சுத்தான்.

தவணை நாளில் அவள் மருதனார்மடத்தில் பஸ் ஏறி மல்லாகம் நீதவான் நீதிமன்றத்துக்குப் போகிறாள். வழக்குத் தொடுத்தது பொலிஸ். எதிரிக்காகப் பேசச் சட்டத்தரணி எழும்புகிறார். இவளோ பெயர் கூப்பிடும்வரை விறாந்தையில், புருசனின் தமையன்மார் முறைத்துப் பார்க்கப் பார்க்க நிற்கிறாள். ஏதும் கேட்டால், "நீங்கள் சாட்சி மட்டும்தான்."

ஊருக்குள் வழக்கு அவளுடையது. நீதிமன்றத்துக்குள் அது அரசாங்கத்துடையது. பழி சுமக்க அவள் வேண்டும், பேச மட்டும் அவள் வேண்டாமா? இது எந்த ஊர் நியாயம்?

காயப்படுத்துவது தண்டனைச் சட்டக்கோவையில் குற்றம். புருசன் அடித்த வழக்கில் மனைவியைச் சாட்சி சொல்லும்படி கட்டாயப்படுத்தவும் சாட்சியக் கட்டளைச் சட்டம் இடம் தருகிறது. அழைப்பாணை வந்த பிறகு "போகாதே" என்று மறிக்கிறவர் அவளையே நீதிமன்றத்திடம் மாட்டிவிடுகிறார். சிறு காய வழக்கென்றால் சமாதானமாகலாம், மத்தியஸ்த சபைக்கும் போகலாம். உறவுக்காரர் நுழைவது அந்த வாசலால்தான். சமாதானத்துக்குக் கையெழுத்து வைத்த அன்றிரவு அவள் எந்த வீட்டுக்குத் திரும்பினாள் என்று பிறகு யார் போய்ப் பார்த்தீர்கள்?

அவளுக்கு இருக்கிற உரிமையைச் சொல்கிறேன், கேளுங்கள். பாதிக்கப்பட்டவர் சார்பிலும் சட்டத்தரணி தோன்றலாம் என்று 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டமே சொல்கிறது. காசில்லாவிட்டால் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. குற்றத்தால் பாதிக்கப்பட்டோரையும் சாட்சிகளையும் பாதுகாக்க 2015இல் ஒரு சட்டம் வந்தது. 2023இல் அதன் இடத்துக்குப் புதிய சட்டம் வந்தது. அதன்படி, வழக்கு எந்த மட்டில் நிற்கிறது என்று கேட்டறிய அவளுக்கு உரிமை உண்டு. எதிரி குற்றவாளியாகக் காணப்பட்டால், தண்டனைக்கு முன், அந்த அடி தன் உடம்பையும் மனத்தையும் தொழிலையும் என்ன செய்தது என்று மன்றுக்குச் சொல்லலாம். முறைப்பாட்டை வாபஸ் வாங்கு என்று வெருட்டுவது தனிக் குற்றம். முற்றத்தில் கூடுகிற ஐயாமாரே, இது உங்கள் காதில் விழட்டும்!

2005ஆம் ஆண்டின் வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் வேறு பாதை. அதில் விண்ணப்பிப்பவளே அவள்தான். அவளுக்காகப் பொலிசும் விண்ணப்பிக்கலாம். பாதுகாப்புக் கட்டளை 12 மாதம் வரை நிற்கும். மீறினால் சிறைக்கும் போகலாம். இதைச் சொல்லிக் கொடுக்காமல், "புருசனைக் கூப்பிட்டு எச்சரிச்சு விட்டிருக்கிறம்" என்று பொலிசார் அவளை வீட்டுக்கு அனுப்பினால் அது கடமையாகுமா?

வாழ்க்கைத் துணையின் உடல் வன்முறையையோ பாலியல் வன்முறையையோ அனுபவித்தவர்கள் ஐந்து பெண்களில் ஒருவர் என்று 2019இன் அரச கணக்கெடுப்புக் காட்டியது. 1824இலேயே பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கண்ட உடுவில் இது. படிப்பித்து வளர்த்த மகளைக் கூண்டில் ஏறியதும் வாயைப் பொத்தச் சொல்வதா?

பொலிசாரிடம் கேட்கிறேன்: ஒவ்வொரு தவணையையும் அவளுக்கு எழுத்தில் அறிவியுங்கள். நீதிமன்ற நிர்வாகத்திடம் கேட்கிறேன்: எதிரியின் ஆட்களோடு அவளை ஒரே விறாந்தையில் நிறுத்தாதீர்கள். மாதர் சங்கத்துத் தாய்மாரே, அடுத்த தவணைக்கு அவளைத் தனிய பஸ் ஏற விடாதீர்கள். இரண்டு பேராவது கூடப் போங்கள்.