கூப்பன் அரிசியும் ரப்பர் பாலும்



1942 மார்ச் 8ஆம் தேதி ரங்கூன் ஜப்பானியர் வசமானது. அப்போது இலங்கை மக்கள் உண்ட அரிசியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டிருந்தது. அதில் பெரும்பகுதி பர்மா அரிசி. தேயிலையும் ரப்பரும் பயிரிட்டு விற்று, அந்தக் காசில் சோறு உண்ணும் நாடாக இலங்கையை வெள்ளையர் ஆட்சி ஆக்கி வைத்திருந்தது. வாங்கும் கடை ஒரே நாளில் மூடிக்கொண்டது. அடுத்த மாதம் 5ஆம் தேதி கொழும்பிலும் 9ஆம் தேதி திருகோணமலையிலும் குண்டு விழுந்தது. ஆனால் தீவை ஆள்கிறவர்களை உறங்கவிடாமல் செய்தது குண்டைவிட அரிசிதான் என்பது என் கருத்து.

அதே சில வாரங்களில் இன்னொன்றும் நடந்தது. மலாயாவும் ஜாவாவும் வீழ்ந்ததால் நேச நாடுகளுக்கு ரப்பர் கிடைக்கும் வழி அடைபட்டது. லாரிக்கும் விமானத்துக்கும் டயர் வேண்டும். பெரிய அளவில் இயற்கை ரப்பர் தரக்கூடிய இடமாக அவர்களிடம் எஞ்சியது இலங்கை. சோற்றுக்குப் பிறர் கையை எதிர்பார்த்திருந்த தீவின் கையில், பிறர் எதிர்பார்க்கும் ஒரு பொருளும் இருந்தது. நான் சொல்ல வந்ததெல்லாம் இந்தப் பொருத்தத்தைப் பற்றித்தான்.

போர்க்காலத்தில் தட்டுப்பாடு என்றால் முதலில் கப்பல் தட்டுப்பாடு. எந்தக் காலனிக்கு எத்தனை டன் இடம் என்பதை லண்டனில் போர்ப் போக்குவரத்து அமைச்சு கணக்கிட்டது. எந்தத் தானியம் யாருக்கு என்பதை 1942 ஜூனிலிருந்து வாஷிங்டனில் அமெரிக்காவும் பிரிட்டனும் கூட்டாக அமைத்த உணவு வாரியம் பார்த்தது. காலனி மந்திரிகளால் கேட்கத்தான் முடியும். அப்படிக் கேட்பதில் கெட்டிக்காரர் ஒருவர் கொழும்பில் இருந்தார்: குடிமக்கள் பாதுகாப்பையும் உணவையும் கவனித்த ஆணையாளர் ஆலிவர் குணத்திலக்க. பின்னாளில் நாட்டின் முதல் இலங்கையரான மகாதேசாதிபதி ஆனவர் அவர்தான். ஆனால் சாமர்த்தியம் மட்டும் கப்பலை வரவழைக்குமா?

வங்கத்தைப் பாருங்கள். அதற்கும் பர்மா அரிசி நின்றுபோனது. 1943 தொடக்கத்தில் இந்தியப் பெருங்கடலில் ஓடிய கப்பல்களில் பெரும்பகுதியைச் சர்ச்சில் அட்லாண்டிக் பக்கம் திருப்பினார். அங்கே வந்த பஞ்சத்தில் 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். இலங்கையில் மக்கள் பட்டினி கிடந்தார்கள், மெலிந்தார்கள். ஆனால் அந்த அளவு சாவு இல்லை. 1942இல், இந்தியாவிலேயே அரிசி விலை ஏறிக்கொண்டிருந்த வேளையில், அங்கிருந்து இலங்கைக்கு அரிசி போனது. ஏனென்றால், பால் வெட்டுகிறவனுக்குச் சோறு இல்லாவிட்டால் ரப்பர் வராது. 1931 முதலே எல்லோருக்கும் வாக்குரிமை இருந்ததால் மந்திரிகள் மக்கள் வயிற்றுக்குப் பயந்தார்கள் என்று சிலர் விளக்குவார்கள். அதிலும் உண்மை உண்டு. ஆனால் வாக்குரிமை கப்பலில் இடம் பிடித்துத் தராது. ரப்பர் பிடித்துத் தந்தது.

ரப்பர் மரத்தை அறிந்தவர்களுக்குத் தெரியும்: மரத்தைச் சுற்றிப் பாதியளவுக்குச் சாய்வாக ஒரு கீற்று, ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டு, சிரட்டையில் பால். பட்டை மறுபடி வளர அவகாசம் வேண்டும் என்பதால் இந்தப் பத்தியம். போரில் அதைக் கைவிட்டார்கள். மரம் பிழைத்தால் என்ன, பட்டுப்போனால் என்ன என்று ஒரே மரத்தில் பல கீற்றுகள் போட்டு வெட்டச் சொன்னார்கள். ஆண்டுக்குச் சுமார் 1 லட்சம் டன் ரப்பர் கிடைத்தது. விலையையும் வாங்குகிறவர்களே நிர்ணயித்தார்கள். ஓய்ந்துபோன அந்த மரங்களுக்குப் பதில் புதுக் கன்று நட, 1950களில் அரசு மானியம் கொடுக்க வேண்டியதாயிற்று.

வந்து சேர்ந்த அரிசி எப்படி வீடு போயிற்று? 1942இல் பங்கீடு வந்தது. ஆளுக்கொரு கூப்பன் புத்தகம். வாரக் கூப்பனைக் கடைக்காரர் வெட்டி எடுத்துக்கொண்டு அளந்து போடுவார். உள்ளூர் விவசாயியின் நெல்லையும் அரசே கட்டாயமாகக் கொள்முதல் செய்தது. வியாபாரிகளை நம்பாததால் கூட்டுறவுச் சங்கக் கடைகளை ஊர் ஊராகத் திறந்தார்கள். போர் முடிவதற்குள் அவை ஆயிரக்கணக்கில் பெருகின. மொத்தக் கொள்முதலுக்கு 1943இல் தனி நிறுவனமும் வந்தது. யாழ்ப்பாணத்துச் சங்கக்கடையை அறியாத தலைமுறையே அதற்குப் பிறகு இல்லை.

அரிசி போதவில்லை. ஈடுகட்ட ஆஸ்திரேலியாவிலிருந்து கோதுமை மா வந்தது. தோட்டத் தொழிலாளர்களான மலையகத் தமிழர்களுக்கு அரிசி என்பது கூலியோடு ஒட்டியது, தோட்ட நிர்வாகம் அளந்து கொடுப்பது. அரிசி குறைந்து மா கூடியபோது தோட்ட வரிசை வீடான லயத்து அடுப்பில் ரொட்டி ஏறியது, இறங்கவே இல்லை. பட்டணத்தில் பாண். முதியவர்கள் சோற்றை இழந்ததாகவே அதை எண்ணினார்கள். பிள்ளைகள் அதைத் தின்றே வளர்ந்தார்கள். மன்னர்களால் மாற்ற முடியாத ஒரு நாட்டின் காலைச் சாப்பாட்டைக் கப்பல் இடப் பட்டியல் மாற்றிவிட்டது.

போர் முடிந்தது, கூப்பன் போகவில்லை. 1952இல் சுதந்திர இலங்கை சீனாவோடு ஓர் ஒப்பந்தம் செய்தது: ரப்பர் கொடுப்பது, அரிசி வாங்குவது. லண்டன் சொல்லாமல் நடத்திய பண்டமாற்று இப்போது கையொப்பத்தோடு நடந்தது. அடுத்த ஆண்டு ஜூலையில் கூப்பன் அரிசி ஒரு கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமானது. ஆகஸ்ட் 12ஆம் தேதி நாடு ஹர்த்தாலில் நின்றது. தண்டவாளங்களைப் பெயர்த்தார்கள், துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின, அமைச்சரவை ஒரு போர்க்கப்பலில் கூடியது. அக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். கூப்பன் வந்த காலத்தில் விவசாய மந்திரியாக இருந்தவர் அவருடைய தந்தை டி.எஸ். சேனநாயக்க.