பழகாத காலைப் பழக்கிய வாத்தியார்

(நம் குடியிருப்பின் ஆண்டு விளையாட்டு விழாவில், பரிசளிப்புக்கு முன் நம் உறுப்பினரும் பணி நிறைவு பெற்ற உடற்கல்வி ஆசிரியருமான ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். வர இயலாத உறுப்பினர்களுக்காக இங்கே தருகிறோம்.)



செயலாளர் எனக்குப் பதினைந்து நிமிடம் கொடுத்திருக்கிறார். "விளையாட்டும் ஒழுக்கமும் பற்றிப் பேசுங்கள் சார்" என்றார். அந்தத் தலைப்பில் பள்ளிக்கூடத்தில் பேசிப் பேசி எனக்கே அலுத்துவிட்டது. அதனால் இன்று ஒரு மனிதரைப் பற்றிப் பேசப் போகிறேன். அவர் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். இந்தியக் கால்பந்து அணி ஆசிய விளையாட்டுப் போட்டியில் இதுவரை 2 முறைதான் தங்கம் வாங்கியிருக்கிறது. அந்த 2 முறையும் பயிற்சியாளராக நின்றவர் அவர். பெயர் சையது அப்துல் ரஹீம். ஐதராபாத்காரர். எல்லோரும் அவரை ரஹீம் சாகிப் என்றுதான் அழைத்தார்கள்.

2024இல் 'மைதான்' என்று ஓர் இந்திப் படம் வந்தது. அஜய் தேவ்கன் நடித்தது. அது இவருடைய கதைதான். பார்த்தவர்கள் சிலர் இங்கே இருக்கலாம். படத்தில் பெரிய மைதானமும் பெரிய கூட்டமும் நிறைய வரும். நான் சொல்லப் போவது சின்ன மைதானத்தில் அவர் செய்த வேலையைப் பற்றி.

ரஹீம் 1909ஆம் ஆண்டு பிறந்தவர். உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் படித்தார். படிக்கும்போதே அங்கே கால்பந்து ஆடினார். பட்டம் வாங்கிப் பள்ளி ஆசிரியரானார். பிறகு உடற்கல்வியில் டிப்ளமோ முடித்தார். அதன்பின் பள்ளிப் பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சொல்லிக் கொடுப்பதே அவர் வேலையாகிவிட்டது. என்னைப் போல ஒரு பி.டி. வாத்தியார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1943இல் ஐதராபாத் கால்பந்துச் சங்கத்தின் செயலாளர் ஆனார். ஊரில் இருந்த காவல்துறை அணிக்கும் பயிற்சி கொடுத்தார்.

அந்தப் போலீஸ் அணி என்ன செய்தது தெரியுமா? அப்போது பம்பாயில் நடந்த ரோவர்ஸ் கோப்பை நாட்டின் பெரிய போட்டிகளில் ஒன்று. கல்கத்தாவின் பெரிய பெரிய அணிகள் எல்லாம் வந்து ஆடும். அந்தக் கோப்பையை 1950 முதல் 1954 வரை தொடர்ந்து 5 வருடம் ஐதராபாத் போலீஸ் வாங்கியது. எதிரில் வந்த அணிகளிடம் பணமும் பெயரும் ரசிகர்களும் இருந்தார்கள். இவர்களிடம் இருந்தது ஒரு வாத்தியார்.

அவர் என்ன சொல்லிக் கொடுத்தார் என்பதைப் பெற்றோர்கள் கொஞ்சம் கவனியுங்கள்.

நம் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு வலது கால்தான் பழக்கம். பந்து இடது பக்கம் வந்தால் உடம்பையே திருப்பி வலது காலுக்குக் கொண்டுவருவார்கள். அந்த ஒரு விநாடியில் எதிராளி பந்தைத் தட்டிக்கொண்டு போய்விடுவான். இது எல்லாப் பயிற்சியாளருக்கும் தெரியும். "டேய், இடது காலால் அடி" என்று நானும் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன். ரஹீம் கத்தவில்லை. அதற்கென்றே ஒரு போட்டி நடத்தினார். அதில் பழகாத காலால் மட்டும்தான் பந்தை ஆட வேண்டும். ஊரில் சூரன் என்று பெயர் வாங்கியவனும் அன்றைக்குப் புதிதாக வந்தவன் மாதிரி தடுமாறுவான். எல்லோரும் ஒன்றாகத் தடுமாறினால் யாருக்கும் வெட்கம் இல்லை. கொஞ்ச நாளில் இரண்டு காலும் பழகிவிடும்.

இன்னொரு போட்டியும் வைத்தார். அதில் பந்தை உருட்டிக்கொண்டு ஓடக் கூடாது. வந்த பந்தை உடனே அடுத்தவருக்குக் கொடுத்துவிட வேண்டும். திறமைசாலிப் பையனுக்குப் பந்தை விடவே மனசு வராது. நாலு பேரைத் தாண்டிக் காட்டினால்தான் கைதட்டு கிடைக்கும். இந்தப் போட்டியில் அந்த வித்தை செல்லாது. தலையை நிமிர்த்திக் கூட்டாளி எங்கே நிற்கிறான் என்று பார்த்தே ஆக வேண்டும். கூட்டாக ஆடுவதைப் பற்றி அவர் பிரசங்கம் செய்யவில்லை. ஆட்ட விதியை மாற்றினார். மீதியைப் பிள்ளைகளே கற்றுக்கொண்டார்கள்.

1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக். அதற்கு முந்திய வருடம்தான் டெல்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டுப் போட்டியில், இறுதி ஆட்டத்தில் ஈரானை 1-0 என்று வென்று தங்கம் வாங்கியிருந்தோம். அந்தத் தெம்போடு போனார்கள். யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்று தோற்றார்கள். நம் ஆட்டக்காரர்கள் பலர் வெறுங்காலோடு ஆடினார்கள். அங்கே குளிர், ஈரத் தரை, எதிரில் பூட்ஸ் போட்டவர்கள். இன்றைக்கு என்றால் பயிற்சியாளரை மாற்று என்று மறுநாளே சத்தம் போடுவோம். அந்தத் தோல்விக்குப் பிறகு நாட்டில் பூட்ஸ் போடுவது கட்டாயமானது. ரஹீமும் ஆட்ட முறையை மாற்றினார். 1953இல் ஹங்கேரி அணி இங்கிலாந்தை அதன் சொந்த மண்ணிலேயே 6-3 என்று தோற்கடித்தது உலகமே பேசிய செய்தி. அந்த ஹங்கேரிக்காரர்கள் ஆடிய விதத்தை அவர் ஊன்றிக் கவனித்தார். முன்கள ஆட்டக்காரர் ஒருவரைச் சற்றுப் பின்னால் இறக்கி ஆடவைக்கும் முறையை நம் ஆட்களுக்கும் பழக்கினார்.

அதன் பலன் 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் தெரிந்தது. நம் உத்தமபாளையத்தில் ஹௌதியா கல்லூரி தொடங்கியதும் அதே 1956இல்தான். போட்டியை நடத்திய ஆஸ்திரேலியாவையே 4-2 என்று தோற்கடித்தார்கள். நெவில் டிசோசா 3 கோல் போட்டார். ஒலிம்பிக் கால்பந்தில் ஒரே ஆட்டத்தில் 3 கோல் போட்ட முதல் ஆசியர் அவர். இன்னொரு கோல் 'கிட்டு' என்று அழைக்கப்பட்ட கிருஷ்ணசாமி போட்டது. அரையிறுதியில் மறுபடி யூகோஸ்லாவியா. முதல் கோலை நாம்தான் போட்டோம். ஆனாலும் 4-1 என்று தோற்றோம். கடைசியில் நமக்கு 4ஆம் இடம். 4 வருடத்துக்கு முன் 10 கோல் வாங்கிய அதே எதிரியோடு ஒலிம்பிக் அரையிறுதியில் மோதும் அளவுக்கு அந்த அணி வளர்ந்திருந்தது.

துளசிதாஸ் பலராம் என்று ஓர் ஆட்டக்காரரைப் பற்றியும் சொல்ல வேண்டும். செகந்திராபாத் பக்கம் அம்முகுடா என்ற ஊரில் ஏழைக் குடும்பத்துப் பையன். ஆட்டத்தைப் பார்த்த ரஹீம் பயிற்சிக்கு வரச் சொன்னார். தினமும் ஐதராபாத் வந்துபோகக் கையில் காசு இல்லை என்றான் பையன். சைக்கிள் வாடகைக்கு ரஹீம் பணம் கொடுத்தார். பலராமே பின்னாளில் இதைச் சொல்லியிருக்கிறார். சுனி கோஸ்வாமி, பி.கே. பானர்ஜி, பலராம் என்று மூன்று பெயரையும் சேர்த்தே சொல்லும் அளவுக்கு அந்தப் பையன் வளர்ந்தார். வாடகைச் சைக்கிள் காசு இல்லை என்று அன்றைக்கு அவர் வீட்டிலேயே இருந்துவிட்டிருந்தால் இந்தியாவுக்கு ஒரு பலராம் கிடைத்திருக்க மாட்டார்.

இனி 1962, ஜகார்த்தா. ஆசிய விளையாட்டுப் போட்டி. இஸ்ரேலையும் தைவானையும் சேர்க்காமல் போட்டியை நடத்தியதை இந்திய அதிகாரி ஒருவர் வெளிப்படையாக எதிர்த்துப் பேசிவிட்டார். அதனால் அந்த ஊர் மக்களுக்கு நம் ஆட்கள் மேல் கடுங்கோபம். இந்தியா என்று பெயர் கேட்டாலே கூச்சல். அந்தச் சூழ்நிலையில் முதல் ஆட்டத்தில் தென்கொரியாவிடம் 2-0 என்று தோல்வி. அடுத்து தாய்லாந்தை 4-1, ஜப்பானை 2-0, அரையிறுதியில் தென்வியட்நாமை 3-2 என்று வென்று இறுதிக்கு வந்தார்கள். எதிரில் மறுபடி அதே தென்கொரியா.

அப்போது அணி இருந்த நிலையைப் பாருங்கள். தடுப்பாட்டத்தின் தூண் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடிபட்டுத் தையல் போட்டிருந்தது. கோல்கீப்பர் பீட்டர் தங்கராஜ் காய்ச்சலில் படுத்திருந்தவர். பயிற்சியாளர் ரஹீமின் நுரையீரலைப் புற்றுநோய் அரிக்கத் தொடங்கியிருந்தது. பின்னால் நின்று பந்தைத் தடுக்க வேண்டிய ஜர்னைல் சிங்கை ரஹீம் முன்னால் நிறுத்தினார். தையல் போட்ட தலையோடு கோல் போடும் இடத்தில். தங்கராஜை இறுதி ஆட்டத்துக்குக் கோல்கீப்பராக இறக்கினார். செப்டம்பர் 4ஆம் தேதி, ஏறக்குறைய 1 லட்சம் பேர் கூச்சல் போட, இந்தியா 2-1 என்று வென்றது. ஒரு கோல் பி.கே. பானர்ஜி. இன்னொரு கோல் யார் போட்டது என்று நினைக்கிறீர்கள்? ஜர்னைல் சிங்!

இறுதி ஆட்டத்துக்கு முந்திய இரவு ரஹீம் தங்களிடம் ஒரே ஒரு பரிசு கேட்டார் என்றும், அது நாளைய தங்கம்தான் என்றும் அந்த ஆட்டக்காரர்கள் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். கேட்ட பரிசு கிடைத்தது. அடுத்த வருடம், 1963 ஜூன் 11ஆம் தேதி, ரஹீம் காலமானார். வயது 53.

பயிற்சியாளர்களுக்குத் தரும் துரோணாச்சாரியார் விருது 1985இல்தான் தொடங்கியது. அப்போது அவர் இறந்து 22 வருடம் ஆகியிருந்தது. 1962க்குப் பிறகு ஆசியப் போட்டியில் கால்பந்தில் நமக்குத் தங்கம் இல்லை. 1960க்குப் பிறகு ஒலிம்பிக் கால்பந்துக்கே நாம் தகுதி பெறவில்லை. மக்கள்தொகை பெருகியது, பணம் பெருகியது, பெரிய பெரிய ஸ்டேடியங்கள் வந்தன. பிள்ளைகளின் பழகாத காலைப் பற்றிக் கவலைப்படும் வாத்தியார்கள் அதே அளவுக்குப் பெருகவில்லை. காரணங்கள் பல இருக்கலாம், இதுவும் ஒன்று என்பது என் கருத்து.

இதை ஏன் இங்கே சொல்கிறேன் என்று சிலருக்குப் புரிந்திருக்கும். அடுத்த பொதுக்குழுவில் நம் பின்பக்கக் காலி இடத்தைப் பற்றி முடிவெடுக்கப் போகிறோம். கல் பதித்துக் கார் பார்க்கிங் ஆக்கலாம் என்பது ஒரு யோசனை. அதில் நியாயம் இருக்கிறது. தெருவில் வண்டியை விட்டால் கீறல் விழுகிறது. லாரி ஒதுங்க இடமில்லை. எனக்கும் ஒரு கார் இருக்கிறது, அதுவும் வெயிலில்தான் நிற்கிறது. பந்து ஜன்னலில் பட்டால் கண்ணாடி உடையும், மதியம் தூங்குகிறவர்களுக்குத் தொந்தரவு என்பதும் உண்மை.

ஆனால் "அந்த இடம் ரொம்பச் சின்னது, அதில் என்ன விளையாட முடியும்?" என்று ஒரு நண்பர் கேட்டார். அதற்கு மட்டும் பதில் சொல்கிறேன். பழகாத காலால் ஆட அந்த இடம் போதும். உருட்டாமல் ஒரே தட்டில் பந்தைக் கொடுத்து வாங்கச் சின்ன இடம்தான் நல்லது. ஆனி, ஆடி மாதத்தில் மலையிலிருந்து இறங்குகிற நம் ஊர்க் காற்றில் தூக்கி அடித்த பந்து தேவாரம் வரைக்கும் போய்விடும். தரையோடு ஆடத்தான் வேண்டும். அந்தப் பயிற்சியை நம் ஊர்க் காற்றே கொடுத்துவிடுகிறது.

எனவே என் வேண்டுகோள் இதுதான். பாதி இடத்தைக் கல் பதித்து வண்டிகளுக்குக் கொடுப்போம். சுவரோரம் இருக்கிற மீதிப் பாதியை மண் தரையாகவே விட்டுவைப்போம். மாலை 5 முதல் 7 மணி வரை மட்டும் விளையாட்டு. ஜன்னல் பக்கம் வலை கட்டுவோம். வலைக்கான செலவில் ஒரு பங்கை நான் தருகிறேன். ஆண் பிள்ளைகளோடு பெண் பிள்ளைகளும் ஆட வேண்டும். வாட்ச்மேன் அண்ணன் பிள்ளைகளும், வீட்டு வேலைக்கு வரும் அக்காமாரின் பிள்ளைகளும் சேர்ந்து ஆட வேண்டும். ஒரு பலராம் எந்த வீட்டிலிருந்து வருவார் என்று நமக்குத் தெரியாது. வாரம் 3 நாள் நானே வந்து நிற்கிறேன். முழங்கால் வலி இருக்கிறது, ஓட முடியாது. விசில் ஊத முடியும்.

காலாண்டுத் தேர்வு விடுமுறையில் 12 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ஒரு போட்டி வைக்க சங்கம் அனுமதிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பழகாத காலால் மட்டும் ஆடும் போட்டி. விருப்பப்பட்டால் அப்பா, அம்மாவும் ஓர் அணியாக வரலாம். உங்கள் பிள்ளைகள் முன்னால் நீங்களும் கொஞ்சம் தடுமாறுங்கள், தப்பில்லை.

பொதுக்குழுவில் எந்த முடிவு வந்தாலும் நான் கட்டுப்படுகிறேன். கையைத் தூக்குவதற்கு முன் ஒரு நாள் மாலை 6 மணிக்கு அந்த இடத்தில் 10 நிமிடம் நின்று பார்த்துவிட்டு வாருங்கள். அவ்வளவுதான்.

பதினைந்து நிமிடம் தாண்டிவிட்டது, செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார். பரிசு வாங்கப் போகும் பிள்ளைகளுக்கு வாழ்த்துகள். வாங்காத பிள்ளைகள் என்னை வந்து பாருங்கள், திங்கட்கிழமை பயிற்சி.