நெஞ்சின் கதவுகளும் நீங்காத ஜுரமும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கச்சேரிக்குக் காத்திருக்கும் சபையில் நோயைப் பற்றிப் பேச எழுந்தமைக்கு முதற்கண் மன்னிப்பு வேண்டுகிறோம். ஆயினும், நாம் சொல்லத் தொடங்குவதும் ஓர் இசைவாணரின் கதையே.

ஆஸ்திரிய இசைமேதை குஸ்தாவ் மாலர், 1911-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நியூயார்க் நகரில் ஜுரத்தோடு இசைக்குழுவை நடத்தினார். அவருடைய இருதய வால்வு பழுதுற்றிருந்தது 1907-லேயே தெரிந்திருந்தது. மருத்துவர்கள் இரத்தத்தை எடுத்து வளர்த்துப் பார்த்தபோது, அதில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் கிருமி இருந்தது. நோய் தெரிந்தது, மருந்துதான் இல்லை. அவ்வாண்டு மே 18-இல் வியன்னாவில் காலமானார். வயது 50.

எண்டோகார்டைட்டிஸ் என்பது இந்நோயின் பெயர். இருதயத்தின் உட்புறத்தையும் அதன் கதவுகளாகிய வால்வுகளையும் மெல்லிய சவ்வொன்று போர்த்தியுள்ளது. அது வழவழப்பாக உள்ளவரை கிருமிகள் எளிதில் பற்றுவதில்லை. இளமையில் தொண்டைப் புண்ணைத் தொடர்ந்து வரும் ருமாட்டிக் ஜுரம் வால்வைத் தழும்பாக்கி விடுகிறது. நம் நாட்டில் இது இன்னும் மறையவில்லை. சொரசொரப்பான அவ்விடத்தில் இரத்தம் சிறிது உறைகிறது. ஈறு கெட்ட வாயிலிருந்து இரத்தத்தில் கலக்கும் கிருமி அங்கே குடியேறுகிறது. உறைந்த இரத்தமே அதற்குக் கோட்டை! அக்கோட்டையினின்று ஒரு துணுக்கு உடைந்து மூளைக்குச் சென்றால் பக்கவாதமும் நேரலாம்.

1940-களில் பெனிசிலின் வந்தபின் இந்நோய் தீரக்கூடியதாயிற்று. ஆனால் மாத்திரை இரண்டு நாளில் தீராது. பெரும்பாலும் 4 முதல் 6 வாரம் வரை நரம்பு வழியாக மருந்து செலுத்தவேண்டும். சிலருக்கு அறுவைச் சிகிச்சையும் தேவைப்படும்.

இங்குதான் நம் காலனி வழக்கத்தைக் குறித்துச் சற்றுக் கடிந்து கூறவேண்டியுள்ளது. ஜுரம் கண்டதும் மருந்துக்கடைக்கு ஓடுகிறோம். கடைக்காரர் தரும் ஆன்டிபயாடிக்கை மூன்று நாள் விழுங்குகிறோம். ஜுரம் பதுங்குகிறது, மறுவாரம் மீள்கிறது. பசியில்லை, உடல் இளைக்கிறது. பிறகு ஆஸ்பத்திரியில் இரத்தத்தை வளர்த்துப் பார்த்தால், அரைகுறை மருந்தால் அடங்கிய கிருமி அதில் வளராமலே போகலாம். எந்தக் கிருமி, எந்த மருந்து என்று மருத்துவர் தடுமாறுகிறார். வால்வுக் கோளாறு உள்ளவருக்கு விடாத ஜுரமென்றால், மருந்துக்கு முன் இரத்தச் சோதனை நடக்கவேண்டும்.

செயற்கை வால்வு பொருத்தியவர்களும், முன்பே இந்நோய் கண்டவர்களும், பல் பிடுங்குமுன் பல் வைத்தியரிடம் அதைச் சொல்லவேண்டும்.

மாற்றலில் ஊர் ஊராகச் செல்பவர் நாம். சிறுவயதில் மருத்துவர் 'இருதயத்தில் ஓசை' என்று எழுதித் தந்த சீட்டு, சொந்த ஊரில் பாட்டியின் டிரங்குப் பெட்டியில் கிடக்கிறது. இங்குள்ள டாக்டருக்கு அது எவ்வாறு தெரியும்? அடுத்த விடுமுறையில் ஊருக்குச் செல்வோர் அச்சீட்டைத் தேடி எடுத்து வாருங்கள்.

பக்கவாத்தியக்காரர்கள் வந்துவிட்டார்கள், அமர்கிறோம்.